மெல்ல நட, கூப்பிடுவார்

— "ட்சூக் நல்லா ஓடுது" எண்டு அந்தாள் எழுதினதை நம்பித்தானே காரை விட்டிட்டு வந்தனாங்கள்! ஹம்மில இருந்து டோர்ட்மண்டுக்கு வர இவ்வளவு நேரமே? நடுவழியில நிண்ட நிலையில நிண்டுதே ரெயின்!

— அம்மா, அவர் ரெயினைப் பற்றி எழுதேல்லை.

— டொச்சில ட்சூக் எண்டா ரெயின்தானே? முப்பது வருசமா இந்த ஜேர்மனியில இருக்கிறன், எனக்கு அது தெரியாதே?

— ரெயினும்தான். ட்ரொம்போனில முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிற குழாய்க்கும் ட்சூக் எண்டுதான் பேர். அந்தக் குழாய் இறுகாம ஓடுது எண்டு எழுதியிருக்கிறார். தான் விக்கிற சாமானைப் பற்றி.

— மாதாவே! நான் கொப்பாவிட்டயும் சொல்லிப்போட்டன், "டோர்ட்மண்டுக்கு ட்சூக் நல்லா ஓடுதாம், நீங்கள் காரை வேலைக்குக் கொண்டு போங்கோ" எண்டு.

— ஐயோ, அப்பா இதைக் கேட்டா ஒரு கிழமைக்குச் சிரிப்பார்.

— ஒருத்தருக்கும் சொல்லாத. இப்ப கெதியா நட. மூண்டு மணிக்குக் காஸலில இருந்து வேற ஆரோ பாக்க வருகினமெண்டெல்லோ எழுதினவர்?

— அதுதானம்மா எனக்கும் நெஞ்சு அடிக்குது. படிப்பு முடிஞ்ச கையோட பள்ளிக்கூடத்தில தந்த இரவல் ட்ரொம்போனைத் திருப்பி வாங்கிப்போட்டினம். வியாழக்கிழமை ஓர்கெஸ்ராவுக்கு ஆள் எடுக்கிற சோதனை. இண்டைக்கு இது கிடைக்காட்டி நான் என்னத்தை ஊதுறது, வெறுங்கையையோ?

— வேணுஜா எண்டு பேர் வைச்சனான், பிள்ளை வடிவா ஒரு புல்லாங்குழல் வாசிக்கட்டும் எண்டு. நீ போயும் போயும் ஆனைத் தும்பிக்கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். அதிலயும் சின்னன் போதாது, பெரிசு வேணும்.

— சின்னன் இல்லை, அது டெனோர். நான் ஊதுறது பாஸ். எல்லாருக்கும் கீழ நிண்டு தாங்கிப் பிடிக்கிற சத்தம். இஞ்ச பாருங்கோ, இதுதான் வீடு. பச்சைக் கதவு.

— நில், மணியை அடிக்காத. முதல் நான் சொல்லுறதைக் கேள். உள்ளுக்க போனா பல்லைக் காட்டிச் சிரிக்கப்படாது. பிடிச்சிருக்கெண்டு தெரிஞ்சா விலை இறங்காது. வியாழக்கிழமை சோதனை எண்டு வாய் திறக்கவே கூடாது. அவசரமெண்டு தெரிஞ்சா ஏறி இருந்து மிதிப்பாங்கள்.

— சரி, சரி.

— அந்தாளோட டொச்சில கதை. எங்களுக்குள்ள தமிழில கதைப்பம். இந்த நாட்டில ஆண்டவர் எங்களுக்குத் தந்த பெரிய வசதி அதொண்டுதானே, ஆளுக்கு முன்னால நிண்டே ஆளைப் பற்றிக் கதைக்கலாம். இப்ப அடி மணியை.

— வணக்கம். நீங்கள்தான் செல்வி வேணுஜாவா? நான் பிரிங்க்மன். இவர் உங்கள் அம்மா, திருமதி விஜயரத்தினம், இல்லையா? உள்ளே வாருங்கள், மழை பிடிக்கப் போகிறது. காலணியோடே வரலாம்.

— பாத்தியே, கொப்பாவின்ர பேரை ஒரு எழுத்துப் பிழையில்லாமச் சொல்லுது மனிசன். எங்கட டொக்டருக்கே வராது.

— இசைக்காரர் அம்மா, காது நல்லம்.

— காது நல்லம், வீடுதான் கூட்டுறேல்லைப் போல. சப்பாத்தோட வரட்டாம். மீசையைப் பார், கோப்பி குடிச்சா பாதி அதுக்குள்ள போயிடும்.

— அம்மா! முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லாதேங்கோ!

— சிரிச்சுக்கொண்டுதானே சொல்லுறன். ஏதோ நல்ல வார்த்தை சொல்லுறன் எண்டு நினைக்கும்.

— இந்த அறைதான். பெட்டியை மேசையில் திறந்து வைத்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் இசைக்குழுவில் இதைத்தான் வாசித்தேன். இப்போது தோள் தூக்கவிடுவதில்லை. சும்மா மூலையில் கிடக்கக் கூடாது என்று விற்கிறேன். தயங்காமல் எடுத்துப் பாருங்கள்.

— மாதாவே, என்ன மினுக்கம்! தங்கம் மாதிரியல்லே கிடக்கு!

— அம்மா, முகம்! நீங்கள்தானே சிரிக்கப்படாது எண்டனீங்கள்!

— ஓமோம். இந்தா, இப்ப புளி திண்ட மாதிரி வைச்சிருக்கிறன். சரியோ?

— மிகவும் நன்றி, ஹெர் பிரிங்க்மன். முதலில் இழுகுழாயைப் பார்க்கலாமா?

— தாராளமாக.

— அம்மா, இஞ்ச பாருங்கோ. சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு கையை விடுறன், குழாய் தானா இறங்குது. ஒரு இடத்தில தட்டுதோ? இல்லை! சறுக்கிக்கொண்டு போகுது!

— அப்ப ட்சூக் உண்மையாத்தான் நல்லா ஓடுது.

— எங்கட ரெயினை விட ஆயிரம் மடங்கு! இந்த ரண்டு வால்வும் பாருங்கோ, ஒண்டு பெருவிரலுக்கு, மற்றது நடுவிரலுக்கு. அமத்தினா சத்தமே இல்லை. பழசாப் போனா கடகடவெண்டு அடிக்கும். இது பூனை நடக்கிற மாதிரிக் கிடக்கு.

— இதென்ன, இந்த இடத்தில நிறம் போயிருக்கு? துருவோ?

— துரு இல்லை. இடது கை பிடிக்கிற இடம். பிடிச்சுப் பிடிச்சு மினுக்கம் தேய்ஞ்சு போச்சு.

— அந்த வாயில, இஞ்சால, ஒரு நசுங்கல்! கண்டனியே?

— ஹெர் பிரிங்க்மன், இந்த நசுங்கல் எப்படி வந்தது?

— அது டிராம் கதவு. நான் ஏறிவிட்டேன், இது ஏறவில்லை. ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊதிப் பார்த்தால் தெரியும்.

— அந்த நசுங்கலை நல்லா ஞாபகம் வைச்சிரு பிள்ளை. விலை குறைக்க அதுதான் எங்களுக்குப் பிடிகயிறு.

— நீங்கள் இதை எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்கலாமா? ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா?

— இல்லை, அப்படி ஒன்றுமில்லை. பொழுதுபோக்குக்குத்தான்.

— கெட்டிக்காரி. இனி ஊது.

— ஊதட்டுமா, ஹெர் பிரிங்க்மன்?

— அதற்குத்தானே வந்தீர்கள்!

— ...

— மாதாவே.

— என்னம்மா? என்ன?

— ஒண்டுமில்லை. அலுமாரிக்குள்ள கிளாஸெல்லாம் அதிருது. என்ர வயித்துக்குள்ளயும். இன்னொருக்கா ஊது. உன்னால ஏலுமான அளவு கீழ போ.

— ...

— இன்னும் கீழ போகுமோ?

— போகும்! அம்மா, இது எங்க போகச் சொன்னாலும் போகுது! இந்தச் சுரத்தைப் பள்ளிக்கூடத்து ட்ரொம்போனில எடுக்கிறதெண்டா எனக்குச் சீவன் போகும். இது நான் நினைக்க முதல் வந்து நிக்குது!

— நீ வீட்டில அறையைப் பூட்டிக்கொண்டு ஊதேக்க எனக்கு ஏதோ கப்பல் கத்துற மாதிரித்தான் கிடக்கும். உனக்குச் சொல்லேல்லை, மனம் நோகுமெண்டு. இது அப்பிடியில்லை. கேவலார் மாதா கோயில் திருவிழாவில பெரிய ஓர்கனை மிதிக்கத் தொடங்கேக்க நெஞ்சுக்குள்ள ஒண்டு வந்து குந்துமே, அது மாதிரி வந்து குந்தீற்றுது.

— அழுறீங்களோ அம்மா?

— ஆர் அழுறது? கண்ணுக்குள்ள தூசி. இந்த வீடு கூட்டினாத்தானே! நீ ஊது.

— இல்லை, இவர் இருந்து கேக்கிறார். எனக்கு வெக்கமாக் கிடக்கு.

— என்ன வெக்கம்? வியாழக்கிழமை ஒரு மண்டபமே இருந்து கேக்கப் போகுது.

— அதுதானம்மா விசயம். நான் வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. போன ரண்டு சோதனையிலயும் திரைக்கு அங்கால இருந்துதான் கேட்டவை. ஆரோ ஒராள் இருமினது கேட்டுது. அவ்வளவுதான். மூச்சு இஞ்ச, தொண்டையிலயே நிண்டிட்டுது. கீழ இறங்கவே இல்லை. பாஸ் ட்ரொம்போனுக்கு மூச்சில்லாட்டி என்ன இருக்கு? வெறும் குழாய்.

— ஏன் குஞ்சு எனக்குச் சொல்லேல்லை? "ஆள் முன்னமே எடுத்திட்டினம்" எண்டெல்லே சொன்னனி?

— என்னெண்டு சொல்லுறது? நீங்கள் சீட்டுக் கட்டின காசை எடுத்துக்கொண்டு நிக்கிறீங்கள், நான் பயமாக் கிடக்கெண்டு சொல்லுறதோ? ஆனா இதில ஊதேக்க, அம்மா, உண்மையாச் சொல்லுறன், அந்தப் பதட்டம் வரேல்லை. மூச்சு தானா அடிக்குப் போகுது. இதின்ர பாரம் என்னைப் பிடிச்சு நிப்பாட்டுது. எனக்கு இதுதான் வேணும். வேற ஒண்டும் வேண்டாம்.

— மன்னியுங்கள், நான் கொஞ்சம் சமையலறைக்குப் போய்க் காப்பி போடுகிறேன். கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். வீட்டில் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆசை தீர ஊதுங்கள். அவசரமில்லை.

— அட, நல்ல மனிசனாக் கிடக்கே. தானா எழும்பிப் போகுது.

— ...

— ஊது பிள்ளை, நிப்பாட்டாத! அந்தக் கடைசியா வந்ததை இன்னும் இழு, இன்னும்! ஆ! இந்தக் கதிரையும் சேர்ந்தெல்லோ பாடுது!

— அம்மா, கை தட்டாதேங்கோ, அவருக்குக் கேக்கும்!

— கேக்கட்டும். இல்லை, கேக்கக்கூடாது. சரி, முடிவாச் சொல்லுறன், இதை வாங்கிறம். இதில்லாம நான் ஹம்முக்குத் திரும்பிப் போகமாட்டன். ஆனா கேட்ட விலைக்கு வாங்கிறதில்லை.

— விலை நியாயமானதுதான் அம்மா. நான் நல்லா விசாரிச்சனான். புதுசெண்டா இதுக்கு மூண்டு மடங்கு.

— நியாயமான விலையெண்டாலும் குறைச்சுக் கேக்கிறதுதான் மரியாதை. கேக்காம எடுத்துக் குடுத்தமெண்டா "சே, இன்னும் கனக்கச் சொல்லியிருக்கலாமே" எண்டு அந்தாள் இண்டைக்கு நித்திரை கொள்ளாது. எங்களால ஏன் ஒரு வயசு போன மனிசனுக்கு நித்திரை கெட வேணும்?

— வாறார், வாறார். முகம்!

— காப்பி. பாலும் சீனியும் அங்கே இருக்கின்றன. எப்படி, பிடித்திருக்கிறதா?

— இப்ப நான் டொச்சில ஒரு போடு போடுறன் பார். ஹெர் பிரிங்க்மன். நல்லது. ஆனால் பழையது. நசுங்கல் உண்டு. நிறம் இல்லை. விலை அதிகம்.

— அப்படியா? உங்களுக்கு எவ்வளவு சரியாக இருக்கும்?

— ஐந்நூறு குறையெண்டு சொல்லு. இருநூறில வந்து நிக்கும்.

— ஐந்நூறு குறைக்க முடியுமா என்று அம்மா கேட்கிறார்.

— முடியாது.

— என்ன, யோசிக்காமலே சொல்லுது! முன்னூறெண்டு கேள்.

— முன்னூறு?

— முடியாது, செல்வி வேணுஜா.

— இருநூறு. இதுதான் கடைசி எண்டு சொல்லு. தலையைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு, கவலையாச் சொல்லு.

— இருநூறு குறைத்தால் இப்போதே எடுத்துக்கொள்கிறோம். இதுதான் எங்கள் கடைசி விலை.

— மன்னிக்க வேண்டும். விலையை விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன். மூன்று மணிக்குக் காஸலிலிருந்து வருபவர் முழு விலைக்கும் சம்மதம் சொல்லிவிட்டார்.

— காஸலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சும்மா விடுற கதை. எழும்பு.

— எங்க எழும்புறது?

— போறம்.

— என்ன? அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ! முழு விலையையும் குடுப்பம், காசு இருக்குத்தானே!

— சத்தம் போடாத. நீ இஞ்ச பிறந்து வளந்தனி, உனக்குத் தெரியாது. விலை படியாட்டி எழும்பி நடக்க வேணும். எங்கட ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில எண்டா பத்தடி போக முதல் "அக்கா, சரி வாங்கோ" எண்டு கூப்பிடுவினம். வாழைக்குலையெண்டாலும் இதுதான், தங்கச் சங்கிலியெண்டாலும் இதுதான். முக்கியமான விசயம் என்னெண்டா, திரும்பிப் பாக்கக்கூடாது. பாத்தியோ, தோத்தாய்.

— அம்மா, ப்ளீஸ்...

— ட்ரொம்போனைப் பெட்டிக்குள்ள வை. அதைத் தடவாத! வை. ஹெர் பிரிங்க்மன், நன்றி. காப்பி நல்லது. நாங்கள் போகிறோம்.

— போகிறீர்களா? வருத்தமாக இருக்கிறது. சரி, வற்புறுத்தக் கூடாது. வாசலில் படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள். போய் வாருங்கள்.

— கதவைச் சாத்திப்போட்டார்.

— சாத்தட்டும். மெல்ல நட, கூப்பிடுவார்.

— பூட்டுத் திருப்பின சத்தமும் கேட்டுது அம்மா!

— அது திறக்கிற சத்தமாயிருக்கும். திரும்பிப் பாராத.

— டொச்சுக்காரர் கூப்பிடமாட்டினம்! போறமெண்டு சொன்னா, போகினமெண்டுதான் நினைப்பினம்! இல்லையெண்டா இல்லை, ஓமெண்டா ஓம், அவ்வளவுதான் அவைக்குத் தெரியும்!

— அப்ப அண்டைக்கு சோபா வாங்கேக்க எப்பிடிக் கூப்பிட்டவன்? வாகனம் வரைக்கும் பின்னால ஓடி வந்தானே!

— அது துருக்கிக்காரன்ர கடை! ஏன் நிக்கிறீங்கள்?

— நிக்கேல்லை, நடக்கிறன். நீயும் இன்னும் கொஞ்சம் மெல்ல நட.

— இதுக்கு மேல மெல்ல நடக்கிறதெண்டா நிக்கிறதுதான்.

— அப்ப குனிஞ்சு சப்பாத்துக் கயிறைக் கட்டு.

— என்ர சப்பாத்தில கயிறு இல்லை.

— இருந்தாலும் குனி!

— குனிஞ்சிட்டன். இப்ப?

— கூப்பிடுறாரோ?

— இல்லை.

— காதை நல்லாக் குடுத்துக் கேள்.

— அம்மா, மழைச் சத்தம்தான் கேக்குது. என்ர ட்ரொம்போன் போச்சு. என்ர வாழ்க்கையில ஒருக்காலும் அப்பிடி ஊதேல்லை. நீங்கள் இருநூறுக்காக அதை விட்டிட்டு வந்தீற்றீங்கள்.

— இருநூறுக்காக இல்லையடி. எனக்குப் பழகின பழக்கம் அது. வாங்கிற சந்தோசமே அதுக்குள்ளதான் கிடக்கு எண்டு நினைச்சுப் பழகீற்றன். ஆரந்தக் கார்? சாம்பல் நிறம், வீட்டு நம்பரைப் பாத்துப் பாத்து வருது?

— மூண்டாகப் போகுது அம்மா. அவர்தான். காஸல்காரர்.

— அந்தோனியாரே! ஓடு! எழும்பி ஓடு பிள்ளை! முழு விலையும் குடுக்கிறன் எண்டு சொல்லு, கூடக் கேட்டாலும் குடுக்கிறன் எண்டு சொல்லு!

— நீங்கள்தானே திரும்பிப் பாத்தா தோத்த மாதிரி எண்டனீங்கள்!

— தோத்திட்டன்! நல்லாத் தோத்திட்டன்! என்ர ரோசம் மழையில நனைஞ்சு போகட்டும். நீ ஊதேக்க உன்ர முகத்தை நான் பாத்தனான். அந்த முகத்தை வித்து எனக்கு ஒரு சதமும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அந்த மனிசன்ர காலைப் பிடிச்செண்டாலும் வாங்கித் தாறன், வா!

— கார் அங்கால போயிட்டுது அம்மா. வேற ஆரோ.

— அது போனா மற்றது வரும். என்ர கையைப் பிடி, வழுக்குது. நீ டொச்சில என்ன சொல்லப் போறாய்?

— "அம்மா மனம் மாறிவிட்டார்" எண்டு சொல்லுறன். ஐயோ, கதவு திறந்து கிடக்கு. அவர் படியில நிக்கிறார்.

— கையில என்ன வைச்சிருக்கிறார்?

— பெட்டி. அம்மா, ட்ரொம்போன் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு எங்களைத்தான் பாக்கிறார்!

— அக்கா! மழையில நிண்டு என்ன யோசனை? காஸலில இருந்து ஒருத்தரும் வரேல்லை, அது உங்கட ஊரில பிறந்த என்ர மனிசி சிசிலி தமிழோட சேர்த்து எனக்குச் சொல்லித்தந்த புழுகு! நீங்கள் கேட்ட இருநூறையும் குறைச்சே தாறன், வாங்கோ. பிள்ளை வியாழக்கிழமை பயப்பிடாம ஊதட்டும்!